தாய்லாந்தில் யார் மனமும் கோணாமல் சுற்றிவர: ஒரு முழுமையான வழிகாட்டி

தாய்லாந்து போகும் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. மேற்கத்தியப் பயணிகளுக்காக எழுதப்பட்ட கையேடுகள் பக்கம் பக்கமாகச் சொல்லித்தரும் மரியாதைகளில் பாதி நமக்கு வீட்டிலேயே பழக்கமானவை. செருப்பை வாசலில் விடு, பெரியவர் முன்னால் கால் நீட்டாதே, சாமி இருக்கும் பக்கம் காலை வைத்துப் படுக்காதே, காசை மிதிக்காதே. பாட்டியிடம் திட்டு வாங்கியே இதையெல்லாம் கற்றுக்கொண்டாயிற்று. அதனால் கோயிலில் நாம் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறோம். மாட்டிக்கொள்வதெல்லாம் வேறு இடங்களில்: ரயிலில், பஃபே மேசையில், நீச்சல் குளத்தில், பேரம் படியாத கடையில், குழுவாகப் போகும்போது தானாக ஏறிவிடும் குரலில்.

ஆகவே நமக்குத் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிட்டு, தெரியாததில் கொஞ்சம் நின்று பேசலாம். பயணம் எந்த வரிசையில் நடக்குமோ அதே வரிசையில் போவோம்.

படி 1: பெட்டி கட்டும்போதே

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசின் தளம் அல்ல. இதை முன்கூட்டியே முடித்துவிட்டால், குடியேற்ற வரிசையில் நின்றுகொண்டு பின்னால் இருப்பவர்களைக் காக்க வைக்கும் சங்கடம் மிச்சம்.

துணி விஷயத்தில் மூன்று வேண்டும். முட்டிக்குக் கீழே வரும் பேன்ட் அல்லது பாவாடை, தோளை மூடும் மேலாடை, நைலான் நீச்சல் உடை. இந்த மூன்றாவதை நம்மில் பலர் வாங்குவதே இல்லை, அதன் விளைவைப் பிறகு பார்ப்போம். செருப்பு சட்டென்று கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். கோயில், வீடு, மசாஜ் கடை, சில சின்னக் கடைகள் என்று ஒரு நாளில் பல தடவை கழற்ற வேண்டியிருக்கும். வாசலில் செருப்புகள் கிடந்தால் கேள்வியே வேண்டாம், கழற்றிவிடுங்கள்.

பெட்டியில் வைக்கக் கூடாதது வேப் எனப்படும் மின் சிகரெட். அங்கே 2014-இல் இறக்குமதிக்கும் 2015-இல் விற்பனைக்கும் தடை வந்தது. தெருவில் சிலர் ஊதிக்கொண்டு போவதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சில சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வணக்கத்துக்கு ‘சவாதீ’, நன்றிக்கு ‘கோப் குன்’, மன்னிப்புக்கு ‘கோ தோட்’. ஒவ்வொன்றின் முடிவிலும் பேசுபவர் ஆண் என்றால் ‘க்ரப்’, பெண் என்றால் ‘கா’ சேர்க்க வேண்டும். கவனியுங்கள், பேசுபவர்தான் கணக்கு, கேட்பவர் அல்ல. விமானப் பணிப்பெண் ‘சவாதீ கா’ என்றதைக் கேட்டு ஆண்களும் அதையே திருப்பிச் சொல்வது அடிக்கடி நடக்கும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சிரிப்பார்கள். உச்சரிப்பு சரியாக வராவிட்டாலும் அந்தக் கடைசி அசை இருந்தால் மரியாதையாகப் பேச முயல்கிறார் என்று புரிந்துகொள்வார்கள்.

படி 2: அரச குடும்பத்தைப் பற்றி எதுவும் வேண்டாம்

இதில் மட்டும் விளையாட்டுக்கு இடமே இல்லை. மன்னர், அரசி, பட்டத்து இளவரசர், அரசப் பிரதிநிதி ஆகியோரை இழிவுபடுத்துவது தாய்லாந்துக் குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவின்படி குற்றம். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. வெளிநாட்டவருக்கு விலக்கில்லை. சியாங் மாயில் மன்னரின் படங்கள் மீது வண்ணம் தெளித்த ஒரு சுவிட்சர்லாந்துக்காரருக்கு 2007-இல் 10 ஆண்டு தண்டனை விதித்தார்கள். மன்னர் மன்னித்ததால் அவர் நாடு கடத்தலோடு தப்பினார்.

நமக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். தலைவர்களை மீம் போட்டுக் கலாய்த்தே பொழுதைப் போக்குகிறவர்கள் நாம். அங்கே தெருமுனைகளிலும் அரசுக் கட்டடங்களிலும் உயரமான அரச குடும்பப் படங்கள் இருக்கும். அவற்றின் முன் நின்று கோணங்கி முகம் காட்டிப் படம் எடுப்பது, நிலைத்தகவலில் நக்கலாக எழுதுவது, அதுபோன்ற பதிவைப் பகிர்வது எதுவும் வேண்டாம். தமிழில்தானே பேசுகிறோம் என்ற தைரியமும் வேண்டாம், கை காட்டிச் சிரிப்பது எல்லா மொழியிலும் புரியும். உள்ளூர்க்காரர் ஒருவர் தானாக இந்தப் பேச்சை எடுத்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள், கருத்துச் சொல்லாதீர்கள். பேச்சு உங்களை மட்டுமல்ல, அவரையும் சிக்கவைக்கும்.

பாட் நோட்டிலும் நாணயத்திலும் மன்னர் இருக்கிறார். நோட்டைக் கசக்கி எறிவதும், உருண்டோடும் நாணயத்தைக் காலால் மிதித்து நிறுத்துவதும் கூடாது. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ரயில் நிலையங்கள், பூங்காக்கள், பேருந்து நிலையங்களில் தேசிய கீதம் ஒலிக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் நின்றால் நீங்களும் அப்படியே நில்லுங்கள், ஒரு நிமிடக் காரியம். திரையரங்கில் படம் தொடங்கும் முன் அரச கீதம் போடுவார்கள், அப்போதும் எழுந்து நிற்பதுதான் நல்லது.

அரசியலில் இன்னொரு முள்ளும் உண்டு: கம்போடியா. எல்லையில் உள்ள பிரியா விகார் சிவன் கோயில் கம்போடியாவுக்கே என்று சர்வதேச நீதிமன்றம் 1962-இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் சுற்றியுள்ள பகுதிகள் குறித்த தகராறு ஓயவில்லை. 2025-இல் அது இரு தரப்பிலும் உயிர்ப்பலி வாங்கும் சண்டையாகவே வெடித்தது. பழைய கம்போடிய அரசர்கள் எழுப்பிய கெமர் கோயில்களில் ஆர்வம் உள்ளவர்கள் வண்டி ஓட்டுநரிடம் ‘அது யாருடைய கோயில்’ என்று பட்டிமன்றம் தொடங்க வேண்டாம்.

படி 3: வணக்கம் சொல்வது

கைகூப்பி வணங்குவதை அங்கே ‘வாய்’ என்பார்கள். நமக்குக் கை தானாகவே குவியும், அது நல்லதுதான். ஆனால் அங்கே அதற்கு ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. வயதிலும் நிலையிலும் இளையவர் முதலில் வணங்க, மூத்தவர் பதிலுக்கு வணங்குவார். சமமானவர்களுக்குக் கை நெஞ்சருகே, மூத்தவர்களுக்கு விரல் நுனி மூக்கைத் தொடும் உயரத்தில், துறவிகளுக்கும் புத்தருக்கும் நெற்றி வரை.

பயணிக்கு இவ்வளவு கணக்குத் தேவையில்லை. வயதானவரையும் வீட்டுக்கு அழைத்தவரையும் முதலில் வணங்குங்கள். கடைப் பணியாளர் வணங்கினால் புன்னகையோடு தலையசைத்தால் போதும். குழந்தைகளை முந்திக்கொண்டு வணங்க வேண்டாம். துறவி பதிலுக்குக் கைகூப்ப மாட்டார், அது அவமதிப்பு அல்ல.

பெயர் சொல்லி அழைக்கும்போது முன்னால் ‘குன்’ சேர்க்க வேண்டும். சாப்பாட்டுக் கடையில் பரிமாறுபவரைக் கூப்பிட, மூத்தவர் என்றால் ‘பீ’, இளையவர் என்றால் ‘நோங்’. நாம் அண்ணா, தம்பி என்பதைப் போலத்தான். விரலைச் சொடுக்கியோ ‘ஏய்’ என்றோ கூப்பிட்டால் சாப்பாடு வரும், சிரித்த முகம் வராது. கையசைத்துக் கூப்பிடுவதானால் உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கட்டும்.

அவர்கள் உங்கள் வயதைக் கேட்டால் துருவுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். உங்களை பீ என்பதா நோங் என்பதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

படி 4: தலையும் காலும்

தலை உடம்பின் உயர்ந்த இடம், கால் தாழ்ந்தது. காலைப் பற்றி நமக்குச் சொல்லவே வேண்டாம். தலையில்தான் நாம் தவறுவோம். அழகான குழந்தையைப் பார்த்தால் தலையைத் தடவிக் கன்னத்தைக் கிள்ளுவது நம் வழக்கம். அங்கே முன்பின் தெரியாதவர் குழந்தையின் தலையைத் தொடக்கூடாது. தூரத்தில் நின்று சிரித்துக் கையசைத்தால் குழந்தையும் சிரிக்கும், அம்மாவும் சிரிப்பார்.

படி 5: புத்தர் கோயிலுக்குள்

பாங்காக்கின் அரண்மனை வளாகத்தில் உள்ள மரகத புத்தர் கோயிலில் உடைக் கட்டுப்பாடு மிகக் கடுமை. தோளும் முட்டியும் தெரிந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பக்கத்துக் கடைகளில் விற்கும் யானைப் படம் போட்ட பேன்ட்டுகளுக்கு இவ்வளவு கிராக்கி வந்ததில் இந்த வாசலுக்கும் பங்குண்டு. சேலை, வேட்டி, சுடிதார் எல்லாம் தாராளமாகச் செல்லும். ரவிக்கை கையில்லாததாக இருந்தால் மட்டும் முந்தானையால் மூடிக்கொள்ளுங்கள். சந்நிதிக்குள் புகைப்படத்துக்கு அனுமதி இல்லை. சிலையின் பொன்னாடையை ஆண்டுக்கு மூன்று முறை, பருவம் மாறும்போது, மன்னரே மாற்றுவார் என்றால் அந்த இடத்தை எப்படி மதிக்கிறார்கள் என்று புரியும்.

உட்காரும்போது காலைப் பின்பக்கமாக மடக்கி, பாதம் புத்தரை நோக்காமல் உட்கார வேண்டும். நாம் சம்மணம் போட்டு உட்காரும் பழக்கம் உள்ளவர்கள், கொஞ்சம் பக்கவாட்டில் மடக்கினால் முடிந்தது. வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள், இதையும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிலைகளின் மேல் சாய்வது, ஏறுவது, தலையில்லாத புத்தர் சிலைக்குப் பின்னால் நின்று தன் தலையைப் பொருத்திப் படம் எடுப்பது இதெல்லாம் பெரிய குற்றமாகவே எடுத்துக்கொள்ளப்படும். 2017-இல் வாட் அருண் கோயில் முன்பு பின்புறத்தைக் காட்டிப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்ட இரண்டு அமெரிக்கர்கள் ஊர் திரும்பும் வழியில் விமான நிலையத்தில் பிடிபட்டார்கள்.

துறவிகளிடம் பெண்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பெண் அவரைத் தொடக்கூடாது, கையோடு கை எதையும் கொடுக்கவும் கூடாது. கொடுக்க வேண்டியதை அவர் விரிக்கும் துணியில் வைக்கலாம், அல்லது கூட வந்த ஆணிடம் கொடுத்துக் கொடுக்கச் சொல்லலாம். பேருந்திலும் மெட்ரோவிலும் துறவிகளுக்கு முன்னுரிமை இருக்கை உண்டு. அதில் உட்கார்ந்திருந்தால் அவர் வந்ததும் எழுந்துவிடுங்கள். காலையில் பிச்சை ஏற்க வரிசையாக வருபவர்களின் முகத்துக்கு நேரே ஃப்ளாஷ் அடிப்பது அநாகரிகம், அவர்கள் துறவிகளாக இல்லாவிட்டாலும்.

படி 6: ‘நம்ம சாமி’யைப் பார்த்தால்

இந்தப் பகுதியை வேறு கையேடுகளில் பார்க்க முடியாது, ஏனென்றால் இது நம் பிரச்சினை மட்டுமே. பாங்காக்கில் நடந்தால் பிள்ளையார் இருப்பார், பிரம்மா இருப்பார், இந்திரன் இருப்பார். உடனே நமக்குள் ஒரு சொந்தக்காரர் எழுந்துவிடுவார்.

ராட்சப்ரசோங் சந்திப்பில் உள்ள எராவான் சந்நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓட்டல் கட்டும்போது தொடர்ந்து வந்த இடையூறுகள் நீங்குவதற்காக 1956-இல் வைத்த நான்முகப் பிரம்மா அது. நம் ஊரில் பிரம்மாவுக்குக் கோயில் அபூர்வம், அங்கே நாள் முழுக்கக் கூட்டம். ஊதுபத்தி, சாமந்தி மாலை, மரத்தாலான யானை பொம்மைகள், நேர்த்திக்கடனுக்கு நடனம். ‘பிரம்மாவை யாராவது கும்பிடுவார்களா’ என்று சிரிப்பதும், ‘இதெல்லாம் எங்களிடமிருந்து வந்தது தெரியுமா’ என்று பாடம் எடுப்பதும் ஒரே அளவு எரிச்சலூட்டும். 2006-இல் அந்தச் சிலையை உடைத்த ஒருவரை அங்கிருந்தவர்களே அடித்துக் கொன்றுவிட்டார்கள். அவர்களுக்கு அது கலாச்சார ஏற்றுமதிப் பொருள் அல்ல, சாமி. வரிசையில் நின்று, நான்கு முகங்களுக்கும் வலமாகச் சுற்றி வணங்கிவிட்டு, ஆடுபவர்களைத் தொந்தரவு செய்யாமல் வாருங்கள்.

சீலோமில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, உள்ளூரில் ‘வாட் கேக்’ என்றால்தான் தெரியும். உள்ளே போனால் பக்தர்களில் பெரும்பகுதி தாய்லாந்துக்காரர்களாக இருப்பார்கள். முறை தெரிந்தவர்கள் என்று முந்திக்கொண்டு போகாதீர்கள். படம் எடுக்கக் கூடாது என்ற அறிவிப்பு நமக்கும் சேர்த்துத்தான்.

சொந்தம் கொண்டாடியே ஆக வேண்டும் என்றால் அதற்கும் ஓர் இடம் உண்டு. நகரின் பழைய பகுதியில் நிற்கும் சிவப்பு நிறப் பெரிய ஊஞ்சல் கம்பங்கள் முதலில் 1784-இல் நாட்டப்பட்டவை. விபத்துகள் காரணமாக 1935-க்குப் பிறகு ஊஞ்சலாட்டம் நின்றுபோனது. அந்த விழாவின் பெயர் த்ரியம்பாவாய், த்ரிபாவாய். நம் மார்கழிப் பாடல்கள் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். அருகில் உள்ள பிராமணர் கோயிலில் சடங்கு இன்றும் தொடர்கிறது. ஒரு தாய்லாந்து நண்பர் கேட்டால் சொல்லுங்கள், ஆசையாகக் கேட்டுக்கொள்வார். கேட்காமல் சொன்னால் அது வேறு கதை.

படி 7: குரலைக் குறைப்பது

உண்மையில் இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மற்றதில் அரைகுறையாக இருந்தாலும் மன்னிப்பு கிடைக்கும்.

பாங்காக்கின் மேம்பால ரயிலான பிடிஎஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பெட்டி நிரம்பியிருக்கும், ஆனால் பேச்சுச் சத்தம் குறைவு. பேசுபவர்களும் அடங்கிய குரலில் பேசுவார்கள். அதே பெட்டியில் நாம் பத்துப் பேர் ஏறினால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ‘எத்தனையாவது ஸ்டாப்?’ என்று கேட்போம், ஒருவர் ஸ்பீக்கரில் வீட்டுக்கு வீடியோ கால் போடுவார், குழந்தைக்குக் கைபேசியில் பாட்டு ஓடும். இதில் எதுவும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, நம் ஊர் ரயிலில் இது இயல்பு. அங்கே யாரும் முகத்துக்கு நேரே சொல்லவும் மாட்டார்கள், பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்கள் சொல்லாததால் நமக்கும் தெரியாமலே போகிறது.

குழுவாகப் போகிறவர்கள் முதல் நாளே இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் நிலையம் எது என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். காதுக்கருவி இல்லாமல் எதையும் ஓடவிடாதீர்கள். நடைமேடையில் தரையில் அம்புக்குறி இருக்கும், இரண்டு பக்கமும் வரிசையில் நின்று, இறங்குபவர்கள் இறங்கிய பிறகு ஏறுவார்கள். சீட்டுப் பிடிக்கக் கைக்குட்டை போடும் கலையை ஊரிலேயே விட்டுவிடலாம். பெட்டிக்குள் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, வாடை வீசும் டுரியன் பழத்தைக் கொண்டுவரவே கூடாது.

இனி கோபம். அறை தயாராகவில்லை, படகு தாமதம், டாக்ஸிக்காரர் மீட்டர் போடவில்லை. நம் ஊரில் குரலை உயர்த்தினால்தான் மேலாளர் வருவார். அங்கே நேர்மாறாக நடக்கும். நாலு பேர் முன்னால் ஒருவரைப் பார்த்துக் கத்தினால் அவர் மானம் போய்விட்டதாக உணர்வார், பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள், நீங்கள் சொன்னது நியாயமாகவே இருந்தாலும். காரியம் ஆக வேண்டுமானால் தனியாகக் கூப்பிட்டு, சிரித்த முகத்தோடு, ‘எனக்கு ஓர் உதவி வேண்டும்’ என்று தொடங்குங்கள். இது நடிப்பாகத் தோன்றலாம். தோன்றட்டும், பலன் இருக்கிறது.

அவர்களுடைய சிரிப்பையும் தப்பாகப் படிக்காதீர்கள். தட்டு கைதவறி உங்கள் மேல் கொட்டியவர் சிரித்தால் கேலி செய்கிறார் என்று அர்த்தமில்லை. கூச்சத்தில் வரும் சிரிப்பு அது. கூடவே ‘மை பென் ராய்’ என்பார்கள், பரவாயில்லை என்று. நீங்களும் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: சாப்பாட்டு மேசை

கரண்டி வலது கையில், முள்கரண்டி இடது கையில். முள்கரண்டியால் சோற்றைக் கரண்டிக்குத் தள்ள வேண்டும், அதை வாயில் வைப்பதில்லை. குச்சிகள் நூடுல்ஸுக்கு மட்டும். ஒட்டும் அரிசிச் சோற்றைக் கையால் உருட்டித்தான் சாப்பிடுவார்கள், அங்கே நாம் ராஜா. பல பதார்த்தங்களை நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளும்போது ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு கரண்டிதான் எடுக்க வேண்டும். பிடித்ததை மொத்தமாகத் தட்டில் குவிப்பது அழகில்லை.

சைவக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ‘நோ மீட்’ என்று சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு மீன் சாறான ‘நாம் ப்லா’வை ஊற்றிக் கொடுப்பார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, அது அவர்களுக்கு உப்பு மாதிரி. பப்பாளிக்காய் சாலட்டில்கூட அதுவும் உலர்ந்த இறாலும் இருக்கும். சாப்பிட்ட பிறகு தெரிந்து சமையல்காரரிடம் சண்டைபோடுவதில் அர்த்தமில்லை. முதலிலேயே ‘ஜே’ என்று சொல்லுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில், பார்ப்பதற்கு 17 என்று எழுதியதுபோல் இருக்கும் குறியைத் தேடுங்கள். அந்தக் கடைகளில் முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் இருக்காது, சமணச் சாப்பாட்டுக்குக் கிட்டத்தட்ட நெருங்கிவிடும்.

ஊரிலிருந்து கொண்டுபோன புளியோதரையை ஓட்டல் அறையில் வைத்துச் சாப்பிடுங்கள். ஒரு உணவகத்தில் இடம்பிடித்து, ஒரு கோலாவை மட்டும் வாங்கிக்கொண்டு, எட்டுப் பேர் பொட்டலம் பிரிப்பது எந்த ஊரிலும் சரியில்லை. எதிரில் தட்டில் பூச்சி வறுவல் வந்தால் மூக்கைப் பிடிக்காதீர்கள்.

படி 9: பேரமும் டிப்ஸும்

சந்தையில் பேரம் பேசலாம், பேசத்தான் வேண்டும். பேரங்காடியிலும் செவன் இலெவனிலும் விலை விலைதான். பேரம் சிரிப்போடு நடக்க வேண்டும். வாங்கும் எண்ணம் இல்லாமல் பத்து நிமிடம் பேரம் பேசுவதும், கேட்ட விலைக்கு அவர் ஒத்துக்கொண்டதும் ‘வேண்டாம்’ என்று நகர்வதும் அங்கே பெரிய மரியாதைக் குறைவு. காலையில் கடை திறந்ததும் வரும் முதல் வியாபாரத்தை அவர்களும் அதிர்ஷ்டமாகப் பார்க்கிறார்கள். முதல் விற்பனையில் வந்த நோட்டால் மற்ற பொருட்களைத் தட்டிவிடுவதைப் பார்க்கலாம். நம் போணி நம்பிக்கை தெரிந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. வாங்குவதில்லை என்றால் காலை நேரத்தில் வீணாகப் பேரத்தைத் தொடங்காதீர்கள்.

டிப்ஸ் கட்டாயம் இல்லை. சாதாரணக் கடையில் சில்லறையை விட்டுவரலாம். மசாஜ் செய்தவருக்கு 50 அல்லது 100 பாட் கொடுப்பது வழக்கம்.

படி 10: ஓட்டல், நீச்சல் குளம், கடற்கரை

இருவருக்கு எடுத்த அறையில் ஐந்து பேர் படுப்பது, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலில் முட்டை வேகவைப்பது, காலை பஃபேயிலிருந்து மதியத்துக்கும் சேர்த்துக் கட்டிக்கொள்வது. இவை மூன்றும் ஓட்டல் முகப்பில் நம்மைப் பற்றிய பேச்சாக ஆகிவிடுகின்றன. டுரியனை அறைக்குக் கொண்டுவந்தால் வாடைக்காக அபராதம். பல ஓட்டல்களில் மங்குஸ்தானுக்கும் தடை, அதன் தோலின் கறை படுக்கை விரிப்பில் போகாது. மருதாணியும் முடிச்சாயமும் அதே கணக்கில்தான் வரும்.

நீச்சல் குளத்துக்குள் பருத்தி பனியன், லுங்கி, சுடிதாரோடு இறங்குவதைக் காவலாளி தடுத்தால் அது நம் மீதான வெறுப்பு அல்ல. பருத்தி நூல் வடிகட்டியை அடைக்கும், சாயம் தண்ணீரில் இறங்கும். உடம்பு முழுக்க மூடும் நீச்சல் உடை கிடைக்கிறது, அதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முன்னால் குளித்துவிட்டு இறங்குங்கள், தலை எண்ணெயோடு வேண்டாம்.

கடற்கரையில் நீச்சல் உடை சரி, அதே கோலத்தில் கடைத்தெருவுக்குள் நடப்பது சரியில்லை. ஆண்கள் சட்டையில்லாமல் திரிவதும் அப்படித்தான். பல கடற்கரைகளில் புகைபிடிக்கத் தடை உண்டு, தண்டனை 1 லட்சம் பாட் வரை போகலாம். பான்பராக் துப்பும் பழக்கத்தைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆகவே விட்டுவிடுகிறேன்.

படி 11: மசாஜ் கடை, பெண்கள், கேமரா

ஆண்கள் குழுவாகப் போகும்போது யாராவது ஒருவர் சொல்லியே தீர வேண்டிய பகுதி இது. தாய் மசாஜ் பாரம்பரிய வைத்தியக் கலை, 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அந்த வேலை செய்யும் பெண்களில் பலர் பயிற்சியும் சான்றிதழும் பெற்றவர்கள். அவர்களிடம் கண்ணடித்து ‘வேறு என்ன உண்டு’ என்று கேட்பது சிறுமை. வாசலில் கால் கழுவிவிடும்போது கால் நீட்டத் தயங்க வேண்டாம், அது அவர்கள் முறை.

கடற்கரையில் வெளிநாட்டுப் பெண்களை வெறித்துப் பார்ப்பதும், ‘ஒரு செல்ஃபி’ என்று மொய்ப்பதும், தூரத்திலிருந்து படம்பிடிப்பதும் நம் நாட்டு ஆண்களுக்கு உண்டாக்கியிருக்கும் பெயரை நாமே அறிவோம். அனுமதி கேட்டு, மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டும்.

பட்டாயாவில் திருநங்கையர் நடத்தும் மேடை நிகழ்ச்சிகள் புகழ்பெற்றவை. நிகழ்ச்சி முடிந்து வாசலில் கலைஞர்களோடு படம் எடுத்தால் அதற்குப் பணம் தர வேண்டும், அது அவர்கள் வருமானம். எடுத்துவிட்டு நழுவப் பார்த்தால் சண்டையாகும், தவறு உங்கள் பக்கம்தான். மேடைக்கு வெளியே கடையிலும் வங்கியிலும் ஓட்டலிலும் திருநங்கையர் வேலை செய்வதைப் பார்ப்பீர்கள். 2025 ஜனவரி முதல் தன்பாலினத் திருமணமும் அங்கே சட்டபூர்வம். முழங்கையால் இடித்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதை அவர்கள் கவனிக்காமல் இல்லை.

படி 12: ஏப்ரலில் போனால்

நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி ஏப்ரல் 13 முதல் 15 வரை அங்கே சொங்க்ரான், அவர்களுடைய புத்தாண்டு விழா. தெருவெல்லாம் தண்ணீர் பீய்ச்சல். ஆனால் துறவிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், ஓடும் இருசக்கர வண்டிகள் மீது அடிக்கக் கூடாது. முகத்தில் வெள்ளைச் சுண்ணப்பொடி பூசுவார்கள், பெண்கள் முகத்தில் கேட்காமல் கைவைக்காதீர்கள். வீட்டுக்குள் நடக்கும் பகுதி அமைதியானது: பெரியவர்களின் உள்ளங்கையில் மணம் கலந்த நீரைச் சொட்டாக ஊற்றி ஆசி வாங்குவார்கள். அதற்கு யாராவது அழைத்தால் தெருக்கூத்தை விட்டுவிட்டுப் போங்கள். போகும்போது பழமோ இனிப்போ வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்ததை உங்கள் முன்னால் பிரிக்காமல் ஓரமாக வைத்தால் பிடிக்கவில்லை என்று பொருளில்லை.

படி 13: தவறிவிட்டால், திரும்பும்போது

யார் காலையாவது மிதித்துவிட்டீர்கள், தெரியாமல் துறவியின் இருக்கையில் உட்கார்ந்துவிட்டீர்கள். ‘கோ தோட்’ சொல்லி, கைகூப்பி, சற்றே தலை குனிந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். நீளமான விளக்கம் வேண்டாம். பணத் தகராறோ மிரட்டலோ என்று வளர்ந்தால் குரலை உயர்த்தாமல் 1155-ஐ அழையுங்கள், சுற்றுலாக் காவல்துறையின் எண் அது.

ஊர் திரும்பும்போது புத்தர் சிலை வாங்க ஆசை வரும். விமான நிலையத்திலிருந்து நகருக்குப் போகும் சாலையிலேயே ‘புத்தர் அலங்காரப் பொருள் அல்ல’ என்ற பொருளில் பெரிய விளம்பரப் பலகை வைத்திருக்கும் நாடு அது. கழுத்தில் அணியும் சின்னத் தாயத்துக்குப் பிரச்சினை இல்லை. சிலை என்றால் நுண்கலைத் துறையின் ஏற்றுமதி அனுமதி வேண்டும். அதை வாங்கித்தருவதாகக் கடைக்காரர் சொன்னால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுக்கொண்டு, விமானத்துக்கு முன் கைக்கு வருமா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.